தொண்ணூறு நாளுக்கு மேல்

முதல் நாள் கழுத்தில் மாட்டிய அட்டையில்
'பயிற்சி – 14' என்றிருந்தது, பெயர் அதற்குக் கீழே சின்னதாக.
புகைப்படத்தில் கண் மூடியிருந்தேன்.
மாற்றித் தருகிறோம் என்றார்கள்.
எட்டு வாரமும் கண் மூடியபடியே
கதவுகளைத் திறந்தேன்.

சிப்காட் வாசலில் இறங்கினால்
காற்றுக்கு ஒரு வாடை,
அழுகின முட்டைக்கும் நெயில் பாலிஷுக்கும் நடுவில்.
நான்காம் நாள் அது தெரியவில்லை.
பழகிவிட்டது என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.
அம்மா என் துப்பட்டாவை முகர்ந்துவிட்டுத்
தனி வாளியில் ஊறவைத்தாள்.

இரண்டாம் தளம், நிதிப் பிரிவு.
அங்கே மே மாதம் கிடையாது.
வெளியே கத்திரி வெயிலில் தார் இளகிக்கொண்டிருக்க
உள்ளே விரல் விறைக்க உட்கார்ந்து
ஒரு கம்பெனியின் கடன்களை
வயதுவாரியாகப் பிரித்தேன்.

கடனுக்கு வயது உண்டென்பது
மூன்று வருட பி.காமில் எனக்கு உறைக்கவில்லை.
முப்பது நாள் வரை பச்சை.
அறுபது வரை மஞ்சள். அப்புறம் ஆரஞ்சு.
தொண்ணூறைத் தாண்டினால் சிவப்பு.
நிறங்கள் என் யோசனைதான். பாராட்டினார்கள்.

வைதீஸ்வரன் சார் நல்லவர், நிஜமாகவே.
பாங்க் கணக்கும் எங்கள் கணக்கும்
பதினெட்டு ரூபாய் உதைத்தபோது
மூன்று நாள் என்னைத் தேடவிட்டார்.
என் பர்ஸிலிருந்தே போட்டுவிடவா என்று கேட்டேன்.
அவரும் ஃபர்ஹத்தும் சிரித்த சிரிப்பில்
பிரிண்டர் பக்கம் நின்றவர்கள் திரும்பினார்கள்.
ஏதோ நூறு ரூபாய்க் கட்டணத்தின் ஜிஎஸ்டி அது.
கண்டுபிடித்தபோது
எந்தப் பரீட்சையிலும் வராத சந்தோஷம் வந்தது.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதினொரு மணிக்கு அஞ்சாபுலி வருவார்,
இரண்டு தூக்கு. ஒன்றில் சர்க்கரை இல்லாதது.
யாருக்கு எது என்று மேசை மேசையாக மனப்பாடம்.
எனக்கு அரை கிளாஸ்.

ஆறாவது வாரம், வரிசை நானூற்றுப் பதினேழு:
'அஞ்சாபுலி டீ ஸ்டால், பச்சையாங்குப்பம்.'
நிலுவை நாற்பத்தோராயிரத்து அறுநூறு.
வயது நூற்றுப் பன்னிரண்டு நாள்.

அன்று அவர் டீ ஊற்றும்போது
திரையைச் சுருக்கினேன்.
அவர் இந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

சாரிடம் கேட்டேன்.
"பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர் இல்லாம பில் போட்டிருக்கார்மா.
சிஸ்டம் ஏத்துக்காது."
சிஸ்டம் ஏற்காத பாலும் தேயிலையும்
எங்கள் எல்லோர் வயிற்றிலும் இருந்தன.

கடைசி வாரம் பன்னிரண்டு நிமிடம் தந்தார்கள்.
சென்னையிலிருந்து திரையில் நான்கு தலைகள்.
மூன்றாம் ஸ்லைடில் என் அம்புக்குறி மேலே ஏறியது:
சப்ளையருக்குப் பணம் போய்ச்சேரும் நாட்கள்
நாற்பத்தேழிலிருந்து எழுபத்தொன்று.
நல்ல முன்னேற்றம், என்றது ஒரு தலை.
கையில் காசு தங்குகிறது, சார், என்றேன்
கோர்வையாக, திக்காமல்.
யார் கையில் என்று கேள்வி வரவில்லை.
வந்திருந்தால் சொல்லியிருப்பேனா தெரியாது.
அன்று புதுச் சுடிதார் போட்டிருந்தேன்.

விடைபெறும் நாள் பர்ச்சேஸ் பிரிவில் கெஞ்சி
அந்த நம்பரை வாங்கித்
துண்டுச் சீட்டில் எழுதி
அஞ்சாபுலியிடம் நீட்டினேன்.
படித்துப் பார்த்தார்.
"இதேதான் பாப்பா. மூணு தடவை
எழுதிக் கொடுத்துட்டேன்."
சீட்டை மடித்து என்னிடமே தந்துவிட்டு
அடுத்த மேசைக்குப் போனார்,
அங்கே சர்க்கரை இல்லாதது.

இப்போது காலேஜ் திறந்துவிட்டது.
கெடிலம் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது
கம்பெனி பஸ் கண்ணாடி ஏற்றியபடி கடந்துபோகிறது.
எனக்கு வரவேண்டிய உதவித்தொகை
இன்னும் வரவில்லை.
யாரோ ஒரு பயிற்சி – 15 அந்த வரியைத் தேடி
நிறம் கொடுத்திருப்பாள்.

இன்று நாற்பத்தோராம் நாள்.
மஞ்சள்.