பொருள் எண் பதினேழு

பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவருக்கு
அறை எங்கே என்பது
கூட்டத்தின் பதினேழாவது பொருள்.
பதினாறாவது, வெறிநாய்.
அதிலேயே தேநீர் ஆறிவிட்டது.

நான் குறிப்பெடுப்பவன்.
தேவகோட்டை நகராட்சியில்
யார் மேசையைத் தட்டிக் கத்தினாலும்
'உறுப்பினர் வலியுறுத்தினார்' என்றே
எழுதப் பழகிய கை.

மாடியில், பிறப்பு இறப்புப் பதிவுக்குப் பக்கத்தில்
ஓர் அறை காலி என்றார் ஆணையர்.
கொசுப்புகை இயந்திரம் இரண்டையும்
போன தேர்தலின் அட்டைப் பெட்டிகளையும்
வெளியே எடுத்தால் காலி.

"கண்ணு முன்னால இருக்கட்டும்" என்றார்
மூன்றாம் வார்டு சிட்டாள்.
"மைதானத்துல உக்காந்தா
வேலை பாக்குறாகளா
வேடிக்கை பாக்குறாகளான்னு
யாரு கண்டா?"
சிரிப்பைக் குறிப்பில் சேர்ப்பதில்லை.

சேவுகப்பெருமாளுக்குத் தெரிந்த வீடு ஒன்று,
இரட்டைக் கட்டு, வாடகை மலிவு.
பங்காளிகள் பதினொரு பேர்,
பினாங்கில் நால்வர்.
பத்துக் கையெழுத்து வாங்கியாகிவிட்டது
ஆறு வருடத்தில்.

பேருந்து நிலைய மாடி என்றார் சீனி முகம்மது.
நாலு பேர் வந்து போகிற இடமாம்.
வலியுறுத்தினார்.

செசிலி எழுந்தார்.
பணியில் சேர்ந்து நான்கு மாதம்.
முத்திரையும் மைப்பெட்டியும் கைப்பையில்.
ஊருணிக்கரை மைதானத்தில்
தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாற்காலி;
நிழல் நகர அலுவலகமும் நகரும்.
உச்சிப்பொழுதில் தொட்டி
தன் நிழலைத் தானே வைத்துக்கொள்ளும்.
அந்த ஒரு மணி நேரம்
பிரிவுக்குத் தலைவர் கிடையாது.

"மைதானத்துலயே குடுங்க. தகரக் கொட்டகை போதும்."
"வெயில் கொளுத்துமேம்மா."
"பழகிட்டேன்."
"கருவேலங்காட்டுப் பக்கம், பாம்பு வரும்."
"வந்துச்சு. போயிருச்சு."
பிறகு கோப்பைத் திறக்காமலே:
"அலுவலர் உக்கார்ற இடத்துல
கழிப்பறை கட்டித்தான் ஆகணும், விதி இருக்கு.
கபடிக்கு வர்ற பொம்பளப் புள்ளைக
முப்பத்திரண்டு பேர்.
மத்தியானத்துக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்ல.
ஏன்னு கேட்டேன்."

உட்கார்ந்துவிட்டார்.

மின்விசிறி மட்டும் வலியுறுத்திக்கொண்டிருந்தது.
சிட்டாள் தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத்
திருகினார், திறப்பதற்காக அல்ல.
எந்தப் பக்கமும் போகாமல்
சுற்றிச் சுற்றி.
"கொட்டகைன்னா வேகும், ஓடு போட்டுக் கட்டுங்க"
என்றார், யாரையும் பார்க்காமல்.

தலைவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:
'மைதானத்தின் வடமேற்கில் ஓர் அறை,
ஒரு கழிப்பறை,
அலுவலர் பயன்பாட்டுக்கு மட்டும்.'

இரவு தட்டச்சில் அமர்ந்தபோது
மின்சாரம் இருந்தது.
கண்ணாடியும் மூக்கின் மேல்தான் இருந்தது.
எனக்கு மகள் இல்லை, கபடியும் தெரியாது.
ஆனாலும் அந்த வரியின் ஓரத்தில்
கடைசி மூன்று சொற்களுக்கு
இடம் பற்றவில்லை.

காலையில் தலைவர் கையெழுத்திட்டார்,
வழக்கம்போல் கைபேசியில் பேசிக்கொண்டே.

வாசல் கிழக்கா, வடக்கா என்பது
அடுத்த கூட்டத்துக்கு.
வெறிநாயும்.