பூச்சியம் ஒன்று, பூச்சியம் ஒன்று

என் வேலை, நடக்காததை எழுதிவைப்பது.
லாங்கென்தால் ஆஸ்பத்திரி, நிலக்கீழ் மாடி,
சலவை அறைக்கு அடுத்த கதவு.
விழ இருந்து விழாதவர்கள்,
பத்து மடங்கு ஏற இருந்து ஏறாத மருந்து,
வலது முழங்காலில் பேனாவால் அம்புக்குறி போட்டபின்
இடது கால்தான் என்று தெரியவந்த ஒரு திங்கட்கிழமை,
எல்லாம் என்னிடம் வரும், பெயர் நீக்கி.

இந்த முறை பெயரை நீக்கினால்
சம்பவமே இல்லை.

அறை 214.
ஜன்னலோரம் இரத்தினம் நாகலிங்கம், குடற்புண், இரத்தம் குறைவு.
கதவோரம் நாகலிங்கம் இரத்தினம், பித்தப்பையில் கல்.
முன்பின் அறியாதவர்கள். ஒருவர் புங்குடுதீவு,
மற்றவர் முள்ளியவளை.
பேச்சுத்துணைக்கு ஆகட்டுமென்று
ஒரே அறையில் போட்டது படுக்கைப் பிரிவின் கருணை.
காரணப் பட்டியலில் கருணைக்குக் குறியீடு இல்லை.
'இதர' என்று போட்டேன்.

அதிகாலை மூன்று பத்து.
ரெகூலா எஷ்லிமான், தொடர்ந்து நாலாம் இரவு,
கையில் ஏ பாசிட்டிவ் பை, குளிர் இன்னும் போகாமல்,
கதவோரக் கட்டிலடியில் நிற்கிறாள்.
கதவோரத்தவர் ஓ.

"நாகலிங்கம்?"
"ஓம்."
"இரத்தினம்?"
"ஓம்."
இந்த ஒரு தமிழ்ச்சொல் இரண்டாம் மாடி முழுக்கத் தெரியும்.
இரண்டும் பொய்யில்லை.
ஒன்று அவர், ஒன்று அவர் அப்பா.
எங்கள் தலைப்பெழுத்தை இழுத்து நீட்டிக்
குடும்பப் பெயராக்கிய நாட்டில்
அப்பாவைக் கூப்பிட்டாலும்
பிள்ளைதான் ஓம் என்கிறது.

கைப்பட்டியில் 01.01.1958.
பையிலும் 01.01.1958.
"பிறந்த நாளைச் சொல்லுங்கள்" என்றாள்.
சொல்லுங்கள் என்றாள், இதுதானே என்று கேட்கவில்லை.
அது நாங்கள் கொடுத்த பயிற்சி;
அதை மட்டும் என் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.
மருந்து மயக்கத்தில் அவர்
முப்பத்தெட்டு வருடமாக எந்தக் கவுண்டரிலும் சொல்லாததைச் சொன்னார்:
ஆகஸ்ட் ஆறு.

ரெகூலா பையைத் தட்டில் வைத்தாள்.

இனிப் படிவம். ஐந்து முறை ஏன் என்று கேட்கச் சொல்கிறது.
ஏன் தவறான கட்டில்? பெயர் ஒன்றுபோல.
ஏன் தேதியும் ஒன்றுபோல?
எண்பத்தாறில் யாரோ ஓர் அலுவலர்
சான்றிதழ் இல்லாமல் வந்தவர்களுக்கெல்லாம்
ஜனவரி ஒன்றைக் கொடுத்தார், போர்வை கொடுப்பதுபோல.
ஏன் சான்றிதழ் இல்லை? அலுமாரியோடு எரிந்தது.
ஏன் எரிந்தது?
இங்கே 250 எழுத்து முடிந்துவிட்டது.

வகுப்பில் சீஸ் காட்டுவார்கள்.
துண்டுகளை அடுக்கி, ஓட்டைக்கு நேர் ஓட்டை வந்தால்
அதுதான் விபத்து என்பார்கள்.
எம்மென்டால் இங்கிருந்து அரைமணி; எல்லோரும் சிரிப்பார்கள்.
அன்றிரவு ஓட்டைகள் நேராகத்தான் இருந்தன.
அடைத்தது,
தாளுக்குப் பொருந்தாத ஓர் உண்மை.
ஜன்னலோரத்தவரும் அப்படி ஓர் உண்மையைச் சொல்லியிருந்தால்
உரிய இரத்தமும் அவருக்கு நின்றிருக்கும்.
'கற்ற பாடம்' என்ற கட்டத்தில் இதை எப்படி எழுத?

மேலிடம் திருப்பி அனுப்பியது:
காரணம் நிறுவன எல்லைக்குள் இருக்கவேண்டும்.
வெட்டினேன். பெயர் ஒற்றுமை. சேதம்: இல்லை.
கதவில் மஞ்சள் ஸ்டிக்கர். ஒருவரை மூன்றாம் மாடிக்கு மாற்றினோம்.
மாலையே மற்றவர் லிஃப்டில் ஏறிப் போய்விட்டாராம்,
சேலைன் கம்பத்தை உருட்டிக்கொண்டு,
விட்ட கதையைத் தொடர.

வியாழன், மொழிபெயர்க்க அழைத்தார்கள் அனுமதிப் பிரிவுக்கு.
பிறந்த தேதி கேட்டேன்.
அந்த அம்மா கைப்பையின் சிப்பை மூடிவிட்டு நிமிர்ந்தார்:
"கடதாசியில இருக்கிறதோ, பிள்ளை,
இல்லாட்டி பிறந்ததோ?"

திரையில் ஒரே ஒரு கட்டம்.
என் விரல் பூச்சியத்தின் மேல்.