ராணியின் வியர்வை

பிர்னோவில் பனி. கடைசி டிராம் போய்விட்டது.
ராணி கழுத்தணியைக் கழற்றி என் மேசையில் எறிந்துவிட்டு
சிகரெட் தேடிப் போகிறாள்.

பித்தளை மேல் மூச்சளவு தங்கம்.
நீல எனாமல் இலைகள் பதினொன்று.
பன்னிரண்டாவது போன வருடம் மேடையில் உதிர்ந்தது;
அந்த இடத்தில் நகப்பூச்சு.
மூன்றாம் வரிசைக்குத் தெரியாது.

வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு.
ஊறப்போட்டால் எனாமல் விரிசல் நீர் குடிக்கும்.
தேய்க்காமல் ஒற்றுகிறேன்,
காய்ச்சல்காரன் நெற்றியை ஒற்றுவது போல.

போஹ்தானா ராணியாக இருந்த இரண்டு குளிர்காலமும்
தங்கம் அசையவில்லை.
லெங்காவின் வியர்வையில் புளிப்பு.
போதாததற்கு வாசனைத் திரவியம் வேறு.
‘முதலில் சென்ட், காய்ந்த பிறகு நகை’ என்று
கண்ணாடியில் ஒட்டி வைத்தேன்.
கிழித்து அதில் சாம்பல் தட்டியிருக்கிறாள்.

மூன்றாம் அங்கத்தில்
‘நான் அவனைக் கண்டதே இல்லை’ என்று சத்தியம் செய்வாளே,
அப்போது விரல் போய் அழுத்தும் இடம்,
இடப்பக்கம், அங்கேதான்
பித்தளை பல்லிளிக்கிறது.

புதிதாக முலாம் பூசிவிடலாம் என்கிறார் மேலாளர் ஹனுஷ்.
சரி என்று சொல்லிவிட்டு
மெல்லிய துணியில் சுற்றி
இழுப்பறையின் அடியில் வைக்கிறேன்.

நாற்பத்தோரு இரவு கைதட்டல் வாங்கிய பொய்.
அதன் தடயம் இது ஒன்றுதான்.