இறங்கிய இடங்கள்

காலை ஆறு பத்து. ஓசூர், பாகலூர் சாலை.
நாடாவின் பூஜ்ஜியம் என் விரலில்,
சுற்று, உதவிப் பொறியாளர் கையில்.
வரைபடம் சொல்கிறது:
நடைபாதை அகலம் ஒன்று புள்ளி எட்டு மீட்டர்.

வரைபடத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் தெரியாது.
அதன் காலடியில் குவிந்த இளநீர் ஓடு தெரியாது.
‘ராகி முத்தே ரெடி’ என்று
காலை அகட்டி நிற்கும் பலகை தெரியாது.
மூன்று கற்பலகை இருக்க, நான்காவது காணோம்.
சாக்கடையில் யாரோ வேப்பங்கிளை நட்டு
சிவப்புப் பை கட்டியிருக்கிறார்கள்.
மாநகராட்சி வைத்ததல்ல;
முன்பே விழுந்த ஒருவரின் தயவு.

இரவு ஷிப்ட் பஸ் வந்து நிற்கிறது.
கம்பெனிப் பெண்கள், கழுத்தில் அட்டை,
தமிழில் தொடங்கித் தெலுங்கில் சிரித்து வருகிறார்கள்.
டிரான்ஸ்ஃபார்மர் வந்ததும் பேச்சு நிற்கிறது.
ஒற்றை வரிசை.
முன்னால் போகிறவள் திரும்பாமல்
கையை மட்டும் பின்னுக்கு அசைக்கிறாள்: வா.
கிரானைட் லாரி ஒன்று
துப்பட்டாக்களை எல்லாம் ஒரே பக்கம் சாய்த்துப் போகிறது.
மேலே ஏறியதும்
விட்ட சொல்லிலிருந்தே கதை தொடர்கிறது.

அட்டையில் நாகவேணி என்றிருந்தவள்
நாடாவைத் தாண்டும்போது கேட்டாள்:
“போன வருசமும் அளந்தாங்களே,
அகலம் மாறிடுச்சா?”

பதில் தேடிக்கொண்டே பின்னால் நகர்ந்தேன்.
“சென்னகேசவா! ஓரமா வாடா!”
சார் கத்திய பிறகுதான் ஹாரன் காதில் விழுந்தது.
பால் வண்டி. முழங்கையில் காற்று.
குனிந்து பார்த்தால்
என் செருப்பு தாரின் மேல்.
நடைபாதையை அளக்க
அரைக் கிலோமீட்டரும் நான்
சாலையில்தான் நடந்து வந்திருக்கிறேன்.

படிவத்தில் மூன்றே கட்டம்:
நீளம், அகலம், தளத்தின் நிலை.
ஸ்கேல் இல்லாமல் கோணலாக
நான்காவது கோடு இழுத்தேன்.
மேலே எழுதினேன்: இறங்கிய இடங்கள்.
திரும்பிப் போய், ஒவ்வொன்றாக எண்ணி,
கீழே எழுதினேன்: இருபத்தொன்று.

“இதையெல்லாம் யார் கேட்டாங்க?” என்றார் சார்.
பேனாவைப் பிடுங்கினார்.
அடிக்கப்போகிறார் என்றிருந்தேன்.
கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார்.
பிறகு எண்ணை மட்டும் திருத்தினார்.

“இருபத்திரண்டுடா.
நான் கத்துன இடத்தை விட்டுட்ட.”