உரிமையாளர் பெயர்

அவரை வேலியின் வலையோடு
சாக்கில் கட்டிக் கொண்டுவந்தான் சடையன்.
நாகலூர் பஸ்ஸில் யாரோ
என்னய்யா அது என்றதற்கு
சேனைக்கிழங்கு என்றானாம்.

ஆறடிச் சாரை.
நைலான் நூல் செதிலுக்கடியில் புகுந்து
மோதிரம் மோதிரமாய் அறுத்திருந்தது.
ஆடுமாட்டுக்குத் தைத்த கை என்னுடையது.
இதற்குச்
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
கண்ணி கோக்கிறவர் கண் வேண்டும்.
பதினோரு தையல்.

அற்புதம் அண்ணன் பதிவேட்டை விரித்தார்.
"உரிமையாளர் பெயர்?"
சடையன் யோசிக்கவே இல்லை.
"சேர்வராயன்."
"தகப்பனார் பெயர்?"
"அத மலைமேல போயிக் கேளுங்க."

இருபத்தாறு நாள்
தீவன டிரம்முக்குள் கிடந்தது.
ஊசி போடும்போதெல்லாம் என்னைக் கடிக்கப் பார்த்தது.
ஒரு விடியலில் சட்டை உரித்தது.
நெடுக விரித்துப் பார்த்தேன்:
பதினோரு பொத்தான் துளை.

விட்டபோது
காப்பிச் செடிக்கடியில் சருகுச் சத்தம்.
அவ்வளவுதான்.

போன வாரம் அந்தப் பக்கம்
கோமாரித் தடுப்பூசி முகாம்.
வலையை அவன் கழற்றவில்லை.
அடி விளிம்பை மட்டும் ஒரு சாண்
சுருட்டிக் கட்டியிருந்தான்.

"முயல் நுழையுமே சடையா?"

"நுழையுதுங்க டாக்டரம்மா"
என்றான்,
எரிச்சலாகத்தான்.