எந்த ஊர் மணி

எங்கள் ஊரில் புத்தாண்டு இருமுறை பிறக்கும்.
முதலில் தோர்னியோவில், பின்லாந்துக் கணக்கில்.
கால் விறைக்க இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தால்
ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹாபராண்டாவில், சுவீடன் கணக்கில்.
இரண்டு வாணவேடிக்கையும் பார்க்கப் பாலத்தில் கூடுவார்கள்.
நானும் நின்றிருக்கிறேன்,
கையில் குடுவையோடு.

இப்போது மேசையில் ஓர் அறிக்கை.
எவர்ட் வான்ஹாய்னென், வயது எழுபத்தொன்று.
டிசம்பர் முப்பத்தொன்று, வாசற்படியில் உறைபனி, இடுப்பெலும்பு.

சுவீடன் பக்கத்தில் ஊசி போட்டவர் இல்வா.
மார்ஃபின். ஆள் சரி, அளவு சரி.
நேரம் 22.40 என்று எழுதினார். அதுவும் சரி,
அவர் தலைக்கு மேலிருந்த கடிகாரம் அதைத்தான் காட்டியது.

அங்கே படுக்கை இல்லை. இங்கே இருந்தது.
ஆம்புலன்ஸ் பாலத்தைக் கடந்தபோது
கடவுச்சீட்டை யாரும் கேட்கவில்லை.
காகிதத்தில் படுத்திருந்த நான்கு இலக்கங்களையும்
நீங்கள் எந்த நாடு என்று
யாரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் சைஜா.
நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது உத்தரவு.
22.40-உடன் நான்கைக் கூட்டினார்.
சுவரைப் பார்த்தார். 02.40.
ஊசி ஏறியது.

எவர்ட்டின் சிறுநீரகம் மந்தம்,
முதல் மருந்தையே இன்னும் வழியனுப்பி முடிக்கவில்லை.
சரிகளை மட்டுமே அடுக்கிக்கொண்டு போய்
ஒரு மனிதரின் மூச்சை
நிமிடத்துக்கு ஆறாக இறக்கிவிட முடியும் என்பது
இந்த வேலைக்கு வந்த பிறகு தெரிந்தது.

மூன்றைத் தாண்டி ஏதோ உறுத்தி சைஜா திரும்பி வந்தார்.
தன் கைக்கடிகாரத்தை, விதிப்படி, அலமாரியில் விட்டிருந்தார்.
ஆகவே அவர் மணிக்கட்டைத் திருப்பி
அதிலிருந்த பழைய கடிகாரத்தைப் பார்த்தே எண்ணினார்.
ஒன்று.

இரண்டு.

விநாடி முள் இரு நாட்டுக்கும் பொது.
சின்ன முள்தான்
மூன்றைத் தாண்டியிருக்க வேண்டியது,
இரண்டைத்தான் தாண்டியிருந்தது.

"கடிகாரம் நின்றுவிட்டது என்று நினைத்தேன்" என்றார் விசாரணையில்.
"ஆனால் ஓடிக்கொண்டிருந்தது.
அப்புறம்தான், ஒரு மணிக்கு மறுபடி
வெடிச்சத்தம் கேட்டது ஞாபகம் வந்தது."

நலோக்சோன். பிராணவாயு. ஓடிவந்த செருப்புகள்.
எவர்ட் கண் திறந்து
தன் ஆற்றங்கரைப் பேச்சில் கேட்டது,
காபி உண்டா என்று.

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: தவறிழைத்தவர்.
இரண்டு நாள் அதை வெறுமனே வைத்திருந்தேன்.
பிறகு 'பாலம்' என்று எழுதினேன்.
அழித்தேன். பாலம் என்ன செய்யும் பாவம்.
இல்வா தொலைபேசியில் அழுதார்.
சைஜா அழவில்லை, இரவுப் பணி வேண்டாம் என்றார்.
அறிக்கையில் அவர்கள் செவிலி அ, செவிலி ஆ.
கண்ணீருக்குக் கட்டம் இல்லை.

தீர்வு ஓர் எழுத்துதான்.
நேரத்துக்குப் பக்கத்தில், எந்த நாட்டு நேரம் என்று.
அவர்களுடைய மென்பொருள் அந்த இடத்தில்
நான்கு இலக்கத்துக்கு மேல் ஏற்காதாம்.
எங்களுடையது அவர்களுடையதைத் திறக்கவே திறக்காதாம்.
இதைப் பேச ஹாபராண்டாவில் ஒன்பது மணிக்குக் கூட்டம்.
ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்
பூட்டிய கதவின் முன் நின்றேன், நான்,
பாதுகாப்பு அதிகாரி.

இலையுதிர் காலத்தில் எல்லாம் மாறும் என்கிறார்கள்.
அதுவரை ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில் வரும் ஆஸ்லாக்
பாலத்தின் நடுவே நீலப் பேனாவை எடுத்து
ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில்
ஓர் எழுத்தைப் போடுகிறார்.
வண்டி குலுங்குவதால் கோணல் எழுத்து.
குளிரில் மை உறைந்தால்
வாயருகே வைத்து ஊதுவாராம்.

அந்தப் பேனா தொலைந்துபோகும் இரவைப் பற்றி
அடுத்த அறிக்கையை
இன்றே தொடங்கியிருக்கிறேன்.