இருபத்தெட்டுப் பாகை

நானுஓயாவில் எவருக்கும் வாய்க்காத வெயில்
இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.
இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
மீன்முட்டைகளுக்குச் சூடு பார்க்கிறேன்.

விளக்கைப் போட்டதும் இட்டவை.
குழிக்கு ஒன்று, இருபத்துநான்கு குழி.
செம்பின் நுண்துகளைச் சந்தமாலி ஊற்றுகிறாள்:
மேல்வரிசைக்கு முழுசாக, பிறகு பாதி,
பாதியில் பாதி,
கடைசி வரிசைக்கு வெறும் தண்ணீர்.
தேயிலைக் கொப்புள நோய்க்குப் புது மருந்தாம்.
இலையில் ஒட்டும், மழையில் கழுவாது
என்கிறது கம்பனித் தாள்.
எங்கள் மழையை அவர்கள் பார்த்ததில்லை.

முதல் நாள்
சில முட்டைகள் திரிந்த பாலாய் வெளுத்தன.
எழுதினேன்.
இரண்டாம் நாள் இதயம்.
பதினைந்து விநாடிக்கு முப்பத்தைந்து.
மேல்வரிசையில் இருபத்தாறு.
எண்ணும்போது என் மூச்சை நிறுத்திவிடுகிறேன்,
ஏனென்று தெரியாது.

ஐந்து நாள் முடியும்வரை
இவை விலங்கு இல்லையாம், சட்டப்படி.
யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம்.
வாசித்துவிட்டுச் சந்தமாலி சிரித்தாள்.
எங்கள் அப்பா முப்பத்தொரு வயதுவரை
எந்த நாட்டுக்காரரும் இல்லை.
அதுவும் சட்டப்படிதான்.

தம்பி தவசீலன்
முதுகில் டாங்கி கட்டிக்கொண்டு
ஏழாம் நம்பர் மலையில் இதே செம்பை அடிக்கிறான்,
பரீட்சார்த்தமாக.
மாஸ்க் கொடுத்திருக்கிறார்கள்.
மூச்சு முட்டுதென்று கழுத்தில் தொங்குகிறது.
அவன் இருமலுக்கு
வரிசையும் இல்லை, குழியும் இல்லை.

முட்டை எடுத்த அன்று காலை
லயத்துப் பீலியில் பிடித்த தண்ணீரை
ஒரு யோகட் கப்பில் கொண்டுவந்தேன்.
இன்னொரு தட்டில் ஆறு குழிகள்.
திட்டத்தில் இல்லை. யாருக்கும் சொல்லவில்லை.

இன்று நாலு குஞ்சுகள் தோல் கிழித்து வந்தன.
ஒன்றுக்கு வால் வளைந்திருந்தது.
ஆறில் ஒன்று எதையும் நிரூபிக்காது.
புதிதாய் வரும் பிள்ளைகளுக்கு
நானே சொல்வதுதான் அது.
என்றாலும் கண்ணாடியை விட்டு
கண் எடுக்க முடியவில்லை.
பெட்டிக்குள் அத்தனை வெதுவெதுப்பு,
அது சுற்றிச் சுற்றி
ஒரே இடத்தில் நீந்தியது.

பின்னால் சந்தமாலி நின்றிருக்கிறாள்,
எவ்வளவு நேரமோ.
எந்தத் தண்ணீர் என்று கேட்கவில்லை.
தன் யோகட்டை வழித்துச் சாப்பிட்டாள்.
கப்பை மூன்று தரம் அலசி,
கவிழ்த்து உதறி,
என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.